தொடு குளத்துத் தண்ணீர்

வேனை விட்டு இறங்கும்போதே மருமகன் அவரைத் தனியாக ஓரங்கட்டினான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க மேலாளர் குடும்பமும் நம்மகூடச் சுத்திப் பாக்க வருது. அவர் வீட்டம்மா கொஞ்சம் ஒரு மாதிரி. உங்க வேலையைப் பத்தி மட்டும் பேச்சு வேணாம். நீங்க நீர் மேலாண்மைல இருந்தவர்னு சொல்லி வச்சிருக்கேன்."

"அப்படின்னா என்ன மாப்பிள்ளை?"

"தண்ணி சம்பந்தப்பட்டதுதான். கேட்டா சிரிச்சு வைங்க, போதும்."

முப்பது வருஷமாக வீட்டுத் தொட்டிகளுக்குள் இறங்கிக் கழுவுகிற வேலை அவருக்கு. தரைக்கடியில் இருப்பது, மாடிமேல் இருப்பது, பத்துக் குடும்பம் குடிப்பது, நூறு குடும்பம் குடிப்பது என்று கயிறும் வாளியுமாக இறங்கி ஏறியதில் ஊரே அவரைத் தொட்டிக்காரர் என்றுதான் கூப்பிடும். அதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. இன்றைக்கு ஒருநாள் அதை வேனுக்குள்ளேயே விட்டுவிட்டு வா என்கிறான். சரி, போகட்டும். மகளுடைய வீட்டுக்காரன். மூன்று மணி நேரம் பயணம் செய்து இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது. பேத்தி குட்டி வேறு நேற்றிலிருந்து மீன் மீன் என்று தூங்கவில்லை.

முதலில் அறிவியல் கூடம். பாதிப் பொத்தான்களை அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை. மீதிப் பொத்தான்கள் பிசுபிசுவென்று விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தன. தூரத்தில் இருப்பவரோடு பேசுகிற பெரிய கிண்ணம் ஒன்று இருந்தது. வாயை வைத்துப் பேசிப் பேசி அதன் விளிம்பெல்லாம் எச்சில் காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. நடுக்கூடத்தில் ரெக்சினில் தைத்த மனிதக் குடல். வாய் வழியாக நுழைந்து தவழ்ந்து மறுபக்கம் வரவேண்டுமாம்.

"ஐயா, நீங்களும் போயிட்டு வாங்களேன். ஜாலியா இருக்கும்" என்றாள் மேலாளர் மனைவி.

தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்தார். நூறு பேருடைய காலுறை வாடை மூஞ்சியில் அறைந்தது. வாழ்நாள் முழுக்கப் பொந்து பொந்தாகத் தவழ்ந்தவனை லீவு நாளிலும் தவழச் சொல்கிறாள் இந்த அம்மா. மருமகன் சொன்னபடி சிரித்து வைத்தார்.

அடுத்து மீன்கூடம். நீல விளக்கு, மெல்லிய இசை, குளிர்ந்த காற்று. எல்லோரும் ஆ என்று வாயைப் பிளந்துகொண்டு நடந்தார்கள். தொட்டிக்காரரின் கண் மீனுக்குப் போகவில்லை. தண்ணீர் கண்ணாடியைத் தொடுகிற கோட்டுக்குத்தான் போனது. அங்கே சளி மாதிரி ஒரு படலம் தொங்கியது. பாறைக்குப் பின்னால் ஒரு மீன் மல்லாந்து கிடந்தது.

"அது தூங்குது" என்றாள் மேலாளர் மனைவி, தன் மகளிடம்.

அந்தத் தூக்கத்தில் அதன் ஒரு கண்ணை இன்னொரு மீன் தின்று முடித்திருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்தில் ஒருவர் அந்த மீனைச் செல்போனில் படம் பிடித்துவிட்டு, கையிலிருந்த சிப்ஸை வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

கடைசி அறையில்தான், கடல் உயிர்களைக் கையை விட்டுத் தொட்டுப் பார்க்கிற தொடு குளம் இருந்தது. இடுப்பு உயரத்தில் சிமெண்டுத் தொட்டி. உள்ளே நட்சத்திர மீன்கள், கடல் வெள்ளரிகள். சுற்றிலும் பிள்ளைகள் முழங்கை வரை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தன. துழாவிய கையை ஒன்று சட்டையில் துடைத்தது, ஒன்று வாயில் வைத்தது.

தொட்டிக்காரர் வாசலிலேயே நின்று மோந்து பார்த்தார். தண்ணீரின் வாடையில் அவருக்குத் தெரியாத ரகம் கிடையாது. பாசி வாடை குற்றமில்லை. துரு வாடைக்கும் பயமில்லை. இது மூன்றாவது ரகம். மூடிய தொட்டிக்குள் எலி செத்துப் பத்து நாள் ஆனால் வருகிற வாடை. அதன்மேல் யாரோ ரோஜா வாசனை மருந்தை அடித்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது.

இப்படி ஒரு தண்ணீரில்தான் ஒருமுறை, உள்ளங்கையில் சின்னக் கீறலோடு அவர் இறங்கினார். மூன்று மாதம் கை பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. வலது கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்காது.

குட்டியின் ஆள்காட்டி விரலில் முந்தாநாள் பென்சில் சீவும்போது பட்ட வெட்டு இருந்தது. ஒட்டிய பிளாஸ்திரி குடலுக்குள் தவழும்போதே எங்கேயோ போய்விட்டது. வாய் பிளந்து சிவப்பாகத் தெரிந்தது காயம்.

"குட்டி, நீ வேணாம். வா இப்படி."

"தாத்தா, ஒரே ஒரு நட்சத்திரம் தாத்தா."

"கைல காயம் இருக்கும்மா."

மேலாளர் மனைவி அதற்குள் குட்டியின் தோளில் கை போட்டுவிட்டாள். "உப்புத் தண்ணிதானே ஐயா, காயத்துக்கு நல்லதுதான். வாடா கண்ணு, ஆன்ட்டி தூக்கிக் காட்டுறேன்."

தொட்டிக்காரர் மகளைப் பார்த்தார். மகள் மருமகனைப் பார்த்தாள். மருமகன் மேலாளரைப் பார்த்தான். மேலாளர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சீருடை போட்ட வழிகாட்டிப் பெண்ணிடம் போனார். "இந்தத் தண்ணி எப்பம்மா மாத்தினது?"

"மாத்தவே வேணாம் சார். ஓடிக்கிட்டே இருக்கும், தானா சுத்தமாகிடும்."

ஓடுகிறதா என்று பார்க்க அவர்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. அனுமதிச் சீட்டின் ஓரத்தை நகமளவு கிழித்துத் தண்ணீர்மேல் போட்டார். காகிதத் துணுக்கு போட்ட இடத்திலேயே நின்றது. பத்து எண்ணினார், இருபது எண்ணினார். அசையவில்லை.

"சார், குப்பை போடாதீங்க" என்றாள் அந்தப் பெண்.

"மாமா" என்று பல்லைக் கடித்தான் மருமகன். "வாங்க அந்தப் பக்கம். எல்லாரும் பாக்குறாங்க."

"மோட்டார் நின்னு போச்சு மாப்பிள்ளை. இது செத்த தண்ணி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

வரிசையில் குட்டிக்கு முன்னால் இன்னும் இரண்டே பிள்ளைகள். மேலாளர் மனைவி அவளுடைய சட்டைக் கையை அழகாக மடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

வாயைத் திறக்கக் கூடாது என்றுதானே சொன்னான், கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று தொட்டிக்காரர் தன் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினார். தொட்டியின் மூலைக்குப் போய் மூச்சை அடக்கிக்கொண்டு கையை விட்டார். அடியில் வழவழவென்று இருந்தது. மடங்காத இரண்டு விரலையும் கொக்கி மாதிரி கொடுத்து, குழாய் வாயில் பொருத்தியிருந்த வலைமூடியைக் கண்டுபிடித்து நெம்பி மேலே தூக்கினார்.

மூடியோடு வந்தது ஒரு கறுப்புக் கட்டி. கட்டிக்குள் முடிக்கற்றை, மிட்டாய்த் தாள், பத்துப் பதினைந்து பழைய பிளாஸ்திரி, ஒரு பால் பல், பாதி கரைந்த ஒரு மீன். அதிலிருந்து கோழை மாதிரி ஒன்று இழுபட்டு நீண்டு, மேலாளரின் பளபளத்த ஷூவில் சொட்டியது.

ரோஜா வாசனை போன இடம் தெரியவில்லை. பிள்ளைகள் கையை இழுத்துக்கொண்டன. ஒரு தாய் தன் மகனுடைய விரலை வாயிலிருந்து பிடுங்கினாள். மேலாளர் மனைவி குட்டியை விட்டுவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஓடிப்போய்க் குனிந்தாள். காலையில் சாப்பிட்டதெல்லாம் வந்தது.

அப்போதுதான் களக் களக் என்று சத்தம் கேட்டது. வீட்டுத் தொட்டியில் வலைமூடியை எடுத்தால் ஒன்றும் ஆகாது. அங்கே இருப்பது தண்ணீரை மேலே இழுக்கிற குழாய். இங்கே குழாய் கீழே இறங்குகிறது என்பது அவருக்குத் தெரியாமல் போயிற்று. அடைத்துக்கொண்டிருந்த அழுக்குதான் இத்தனை நாள் குளத்தைத் தாங்கியிருக்கிறது. கண்ணெதிரே தண்ணீர் இறங்கியது. நட்சத்திர மீன்கள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன.

அவர் மண்டியிட்டு, தோள் வரை கையை விட்டு, முஷ்டியால் ஓட்டையை அடைத்தார். கன்னம் தொட்டியின் ஈர விளிம்பில் அழுந்தியது. உதட்டோரம் ஒரு துளி பட்டது. துப்பக்கூட முடியவில்லை.

பின்கதவைத் திறந்துகொண்டு ரப்பர் பூட்ஸ் போட்ட ஆள் ஒருவன் ஓடி வந்தான். கையை ஓட்டைக்குள் வைத்திருக்கிற விதத்தைப் பார்த்ததுமே அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"அண்ணே, தொட்டி வேலையா?"

"ஆமா. முப்பது வருஷம்."

அறையில் இருந்த எல்லோர் காதிலும் விழுந்தது. மருமகன் முகத்தில் ஈயாடவில்லை.

பூட்ஸ்காரன் ஓட்டையில் செருக ஒரு ரப்பர் அடைப்பானைக் கொடுத்துக் குரலைத் தாழ்த்தினான். "மோட்டார் எரிஞ்சு எட்டு நாளாச்சுண்ணே. எழுதிக் கொடுத்தேன். லீவு கூட்டம் முடியட்டும்னுட்டாங்க. வாசனை மருந்து மட்டும் தினம் ரெண்டு டப்பா வருது."

"புள்ளைங்க வாய்ல வைக்குதுப்பா."

"நான் என்னண்ணே பண்றது. என் புள்ளைய இங்க கூட்டிட்டு வந்ததே இல்ல."

தொட்டிக்காரருக்கு அந்தக் கறுப்புக் கட்டியைவிட அந்தப் பதில்தான் அதிகம் குமட்டியது.

கழிப்பறையில் சோப்புக்குழல் காலி. தண்ணீரை மட்டும் ஊற்றித் தோளிலிருந்து தேய்த்துக்கொண்டிருந்தார். மருமகன் வந்து கண்ணாடியில் அவரைப் பார்த்தபடி நின்றான். சத்தம் போடப் போகிறான் என்றுதான் நினைத்தார். அவன் முகமோ நல்ல சேதி கொண்டுவந்தவன் மாதிரி இருந்தது.

"மாமா, மேலாளர் ஒண்ணும் கோவிக்கல. அவங்க வீட்டுத் தொட்டி கழுவி ரெண்டு வருஷமாச்சாம். நீங்க வருவீங்களான்னு கேட்டார். ஞாயித்துக்கிழமை வருவார்னு சொல்லிட்டேன்."

"குட்டி கைய விட்டாளா?"

"யாரு... இல்ல மாமா. விடல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நெனையவே இல்ல மாமா. அவ அம்மா கைக்குட்டையைச் சுத்திட்டா." கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டே, "ஞாயித்துக்கிழமை..." என்று இழுத்தான்.

"கயிறும் வாளியும் வீட்லதான் இருக்கு மாப்பிள்ளை. எடுத்துக்கிட்டு நீங்களே இறங்குங்க. காலைல சாப்பிடாம போங்க, அதான் நல்லது."

மருமகன் செல்போனை எடுத்துப் பார்த்தபடி வெளியே போனான்.

மற்றவர்கள் கோளரங்கத்துக்குப் போய்விட்டார்கள். தொட்டிக்காரர் வெளியே படிக்கட்டில், வெயில் பட்ட இடமாகப் பார்த்து உட்கார்ந்து கையைக் காயவைத்தார். எவ்வளவு தேய்த்தும் வாடை போகவில்லை. குட்டி அம்மாவிடம் அடம்பிடித்துவிட்டு இவரிடமே ஓடி வந்தாள்.

"கிட்ட வராத. அந்தப் படியிலயே உக்காரு."

"ஏன் தாத்தா?"

"நாறுறேன்."

குட்டி காற்றை மோந்து பார்த்தாள். நாலு படி தள்ளி உட்கார்ந்து, மூக்கை இறுக்கப் பிடித்துக்கொண்டு, "ஆமா தாத்தா, ரொம்ப" என்றாள். தொட்டிக்காரர் கையை வெயிலில் திருப்பிக் காட்டினார். மூக்கைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.