ஏழாவது ஷரத்து

வெற்றிலை பாக்கைக் கையில் வாங்கி மடியில் முடிந்த பிறகுதான் அடைக்கலத்துக்கு அந்தப் பத்திரம் ஞாபகம் வந்தது.

ஆலங்குடிப் பக்கத்தில் வேலைக்காரனை அப்படித்தான் பேசி முடிப்பார்கள். கிணறு வெட்டுகிறவனோ, கூரை வேய்கிறவனோ, வெற்றிலையை வாங்கிவிட்டால் வேலையை ஒப்புக்கொண்டான் என்று பொருள். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஆயில் இஞ்சின்கள் வந்தபோது அவற்றைப் பழுது பார்க்கும் பிட்டர்களுக்கும் அந்த வழக்கம் ஒட்டிக்கொண்டது. கடலைத் தோட்டக்காரி பிரகதாம்பாள் தட்டை நீட்டினாள். அவன் கை தானாக நீண்டுவிட்டது.

"கடலை விழுது இறங்குற நேரம் தம்பி. இஞ்சின் நின்னு மூணு நாளாச்சு. ஆவுடையப்பன் ஆபீசுக்குப் போனேன். பதினஞ்சு நாள் ஆகும், வேற ஆளைத்தான் அனுப்புவோம்ங்கிறாங்க. போன வருசம் மாட்டிக் குடுத்தது நீங்கதான? நீங்களே வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உள்ளே இருந்து மனைவி செவந்தி வந்தாள். "வாங்கிட்டீங்களா? நல்லாருக்கு. ஒரு பக்கம் வெத்தலை, ஒரு பக்கம் பத்திரம். எதை மெல்லப் போறீங்க?"

ஆவுடையப்பனின் ஆபீஸ் புதுக்கோட்டையில் இருந்தது. அது இஞ்சின் விற்கவில்லை, பழுதும் பார்க்கவில்லை, ஆள் அனுப்பியது. தோட்டக்காரர்கள் அங்கே சொல்லி வைப்பார்கள், ஆபீஸ் ஒரு பிட்டருக்குச் சீட்டு எழுதும், அவன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவான். ஐம்பத்தெட்டாம் வருஷம் அடைக்கலம் அங்கே ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டான். மூன்று வருஷம் ஆகிவிட்டது.

எதையும் பிரித்துப் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. பக்கத்து வீட்டுச் சுவர்க்கடிகாரத்தை இரண்டு முறை பிரித்திருக்கிறான். ஒரு முறை அது திரும்பவும் ஓடியது. அவன் பிரித்தே பார்க்காத ஒரே பொருள் அந்தப் பத்திரம்தான். அன்று அதைப் பாயில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மொத்தம் பத்து ஷரத்துகள். எது எதைச் சுற்றுகிறது, எதை எடுத்தால் எது நிற்கும் என்று விரலை வைத்து வைத்துப் படித்தான்.

ஏழாவதில் விரல் நின்றது. ஆபீஸ் அனுப்பிய எந்த இடத்திலும், ஆபீஸில் இருக்கும் காலத்திலும் அதைவிட்டு விலகிய பின் மூன்று வருஷத்துக்கும், பிட்டர் நேரடியாக வேலை செய்யவோ கூலி வாங்கவோ கூடாது.

ஆலங்குடி தாலுகாவில் இஞ்சின் வைத்த கிணறுகளில் பாதிக்கு மேல் அவன் கால் பட்டிருந்தது. விலகினால் கோட்டைப்பட்டினத்துக்குப் போய், பழக்கமில்லாத ஊரில் முதலிலிருந்து பேர் எடுக்க வேண்டும். விலகாவிட்டால் யார் தோட்டத்துக்கு எப்போது போவது என்பதை ஆவுடையப்பன் சொல்வார்.

மறுநாள் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினான். வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருந்த ஞானமணி அவனுக்குப் பழக்கம். பத்திரத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு ஞானமணி சொன்னார்: "நல்ல எழுத்து. பயமுறுத்துறதுக்குன்னே எழுதுன எழுத்து."

"ஏழாவது செல்லுமா, செல்லாதா?"

"ரெண்டுந்தான்."

அடைக்கலம் பெஞ்சில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தான். இந்த மாதிரிப் பதில்தான் அவனுக்குப் பிடிக்கும்.

"அவர்கிட்ட இருக்கிற வரைக்கும் செல்லும். அவரு காட்டுன தோட்டத்துக்கே அவருக்குத் தெரியாமப் போகக்கூடாதுங்கிறதுல நியாயம் இருக்கு. ஆனா வெளிய வந்தப்புறம் மூணு வருசங்கிறது நிக்காது. ஒப்பந்தச் சட்டம், இருபத்தேழாம் பிரிவு. ஒருத்தன் நேர்மையான தொழிலைச் செய்யவிடாம கட்டிப்போட்டா, அந்த மட்டுக்கும் அந்தப் பேச்சு செல்லாது."

"அந்த மட்டுக்குந்தானா? மிச்ச ஷரத்தெல்லாம்?"

"அதுபாட்டுக்கு நிக்கும். ஒரு போல்ட்டு போயிருச்சுன்னா இஞ்சினையே தூக்கிக் கிணத்துல போடுவீங்களா?"

அடைக்கலம் சிரித்துவிட்டான். பிறகு ஒன்பதாவது ஷரத்தைக் காட்டினான். எந்தத் தரப்பாரும் முப்பது நாள் முன்னதாக எழுத்தில் தெரிவித்து விலகிக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. "இதை இதுவரைக்கும் யாரும் தொட்டதில்லை. பிட்டர் திருப்பதி அண்ணன் சண்டை போட்டுட்டுப் போயி, மூணு வருசம் சும்மா கிடந்தாரு."

"யாரும் அதுவரைக்கும் படிச்சிருக்க மாட்டாங்க. ஏழாவதுலயே பயந்து மூடி வச்சிருப்பாங்க."

"ஆவுடையப்பன் கோர்ட்டுக்குப் போனா?"

"போனா வக்கீல் ஐயா பேசுவாரு. ஆனா போக மாட்டாரு. போயித் தோத்துட்டா, இருக்கிற பிட்டரெல்லாம் ஒன்பதாவது ஷரத்தைப் படிச்சிருவான்ல?"

கடிதம் எழுதி, ஒப்புதல் அட்டை வைத்து ரிஜிஸ்டர் தபாலில் சேர்த்தார்கள். வாங்குகிறவர் கையெழுத்தோடு அந்த அட்டை திரும்பி வரும், முப்பது நாளை அந்தத் தேதியிலிருந்து எண்ண வேண்டும் என்றார் ஞானமணி. யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் மடியிலிருந்த வெற்றிலை நினைவுக்கு வந்தது. ஏழாவது ஷரத்துக்கு இன்னும் முப்பது நாள் உயிர் இருக்கிறது. கடலைக்கு அவ்வளவு நாள் இல்லை. வேலை செய்யக்கூடாது, கூலி வாங்கக்கூடாது, வேறென்ன கூடாது? அறந்தாங்கிச் சாலை நெடுக அதையே உருட்டிக்கொண்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை காலை பையில்லாமல் பிரகதாம்பாள் தோட்டத்துக்குப் போனான். இஞ்சின் கொட்டகை வாசலில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

"என்ன தம்பி, கோயிலுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க?"

"நான் தொடக்கூடாதுக்கா. நீங்க தொடுங்க, நான் சொல்றேன். நிக்கிறதுக்கு முன்னாடி டாங்கில எண்ணெய் சுத்தமாத் தீந்துச்சா?"

"ஆமா. தீந்து நின்னுச்சு, அப்புறம் ஊத்தினேன், ஓடலை."

"அவ்வளவுதான். குழாய்ல காத்து பூந்துருச்சு. எண்ணெயை அமுக்குனா சுருங்காம இஞ்சினுக்குள்ள போகும், காத்தை அமுக்குனா அது பஞ்சு மாதிரி சுருங்கிக்கிட்டு அங்கனயே கிடக்கும். அதை வெளிய விடணும். அந்தச் சின்னத் திருகாணியை லேசாத் தளர்த்துங்க. கழட்டிராதீங்க."

பிரகதாம்பாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஸ்பேனரைப் பிடித்தாள். பம்புக் குச்சியை அமுக்க அமுக்க, திருகாணி ஓரத்தில் டீசல் நுரைத்துக்கொண்டு வந்தது.

"அட, சோறு வடிக்கிறாப்ல பொங்குதே!"

"நுரை நிக்கிற வரைக்கும் அமுக்குங்க. தெளிஞ்சு வந்ததும் முறுக்குங்க."

தெளிந்து வந்தது. முறுக்கினாள். அந்த நேரம் வரப்பில் வேட்டியை மடித்துக் கட்டிய ஆவுடையப்பன் வந்துகொண்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து ரிஜிஸ்டர் கவர் எட்டிப் பார்த்தது.

"வீட்டுக்குப் போனேன். ஒம் பொஞ்சாதி இங்கிட்டுன்னு கை காட்டுனா. காயிதம் போட்டு ரெண்டு நாள் ஆகலை, அதுக்குள்ள திருட்டு வேலையா?"

அடைக்கலம் கையை எடுக்காமலே திரும்பி, முதுகைக் காட்டினான். "கையைப் பாருங்க முதலாளி. எங்கயாவது கருப்பு இருக்கா?"

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். கருப்பு இல்லை. பிரகதாம்பாளின் முழங்கை வரைக்கும் இருந்தது.

"கூலி?"

"வெத்தலைதான் குடுத்தேன்" என்றாள் பிரகதாம்பாள். "ஒங்களுக்கும் வேணுமா?"

"வாயால சொல்றதும் வேலைதான்யா."

"அப்படி ஒரு ஷரத்து இருந்தாக் காட்டுங்க முதலாளி. பத்தையும் படிச்சுட்டேன்."

படித்துவிட்டேன் என்று சொன்ன முதல் பிட்டரை ஆவுடையப்பன் மேலும் கீழும் பார்த்தார்.

"அக்கா, சுத்த லேசா இருக்க மேல உள்ள லிவரைத் தூக்கி விட்டுட்டுக் கைப்பிடியைச் சுத்துங்க. கட்டைவிரலை மடக்காதீங்க, எல்லா விரலும் ஒரே பக்கம் இருக்கட்டும். எதிர்த்து அடிச்சா கை உருவிக்கிட்டு வந்துரும். வேகம் பிடிச்சதும் லிவரைப் போடுங்க."

மூன்றாவது சுற்றுக்கு இஞ்சின் இருமியது. நான்காவதில் பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் விழுந்ததை ஆவுடையப்பனும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

முப்பத்தொன்றாம் நாள் அடைக்கலம் பையைத் தூக்கிக்கொண்டு, யாருடைய சீட்டும் இல்லாமல் வெளியே கிளம்பினான். முதலில் பிரகதாம்பாள் தோட்டத்துக்குத்தான் போனான். இஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அவளைக் காணவில்லை. பக்கத்துத் தோட்டக் கொட்டகையிலிருந்து குரல் கேட்டது.

"கழட்டிராதப்பா! லேசாத் தளர்த்து. நுரை நிக்கட்டும்!"

வெளியே வந்தவள் அவனைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "வாங்க தம்பி. இது நாலாவது இஞ்சின். காத்து அடைச்சாக் கூப்பிடுறாங்க. மத்ததெல்லாம் ஒங்ககிட்டதான் போகச் சொல்லியிருக்கேன்." கொஞ்சம் தயங்கினாள். "சொல்லிக் குடுத்தது நீங்க. நான் எதுலயும் கையெழுத்துப் போடணுமா?"

நாலு இஞ்சின், நாலு தோட்டம், தனக்கு வந்திருக்க வேண்டிய நாலு வேலை. ஏழாவது ஷரத்தை எழுதியவனுக்கு எந்த இடத்தில் அந்த யோசனை பிறந்திருக்கும் என்பது அடைக்கலத்துக்கு முதல்முறையாகப் பிடிபட்டது.

"வேணாங்க்கா" என்று பையை இறக்கி வைத்தான். "அடுத்து எண்ணெய் பீச்சுற நாசில் கழட்டுறது எப்படின்னு காட்டுறேன், வாங்க."