குடத்தின் அடியில் ஒரு வரி

அறந்தாங்கியில் ஆவுடையப்பன் பாத்திரக்கடையில் பேர் வெட்டுவது நான்தான். பத்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றதிலிருந்து, நாலு வருஷமாக அந்தச் சின்ன மெஷின்தான் என் கையில் இருக்கிறது. சீர்ப் பாத்திரத்தில் பெண்ணின் பேர், கொடுப்பவர் பேர், தேதி. அவ்வளவுதான் வேலை. யாரும் பார்க்காதபோது பாத்திரத்தைக் கவிழ்த்து, அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி எழுதிவிடுவேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வராது.

செவ்வாய்க்கிழமை மதியம் யுனிவர்சிட்டியிலிருந்து அர்ச்சனா, நிலவழகன் என்று இரண்டு பேர் லேப்டாப்போடு வந்தார்கள். ஊர் ஊராகப் போய், வீட்டுப் பாத்திரங்களில் வெட்டிய பேர்களைப் படமெடுத்து, எந்த ஊர்ப் பெண் எந்த ஊருக்குப் போனாள் என்று இணையத்தில் வரைபடம் போடுகிறார்களாம். அதுதான் அவர்கள் புராஜெக்ட்.

"முந்நூத்திப் பன்னெண்டு படம் இருக்கு சார்," என்றான் நிலவழகன். "அதுல நாப்பத்தாறு ஒரே கையெழுத்து. எல்லாம் உங்க கடையில வாங்குனது. வெட்டுனவங்க பேரையும் போடணும்."

முதலாளி பெருமையாக என் பக்கம் கையைக் காட்டினார். "அந்தா உக்காந்திருக்குல்ல, அந்தப் புள்ளதான். மோகனப்ரியா."

"அடியில எழுதுறதும் நீங்கதானா?" என்றாள் அர்ச்சனா.

மெஷினை நிறுத்தினேன். முன்பு பேர் வெட்டிய பிரசாந்த், ஒரு அண்டாவில் தேதியை மாற்றி வெட்டியதற்கே அன்று மாலை வீட்டுக்கு அனுப்பப்பட்டான்.

"அடியில என்ன?" முதலாளி லேப்டாப் பக்கம் குனிந்தார். "கண்ணாடிய வீட்லயே வச்சுட்டு வந்துட்டேன். ஏத்தா, நீயே வாசி," என்றார் என்னிடம்.

அர்ச்சனா என் முகத்தைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடப் போனாள். அது கம்பெனிப் பேர் என்று நான் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் என் பொடி எழுத்து வரி திரையில் அவ்வளவு பெரிதாக வெளிச்சத்தில் நின்றது. வாசித்துவிட்டேன்.

"'இந்தக் குடத்தைத் தூக்க இன்னொரு கையும் வரட்டும்.'"

"யாருக்கு எழுதுனது?" என்றார் முதலாளி.

"மணமேல்குடி செல்லமுத்து அண்ணன் மகளுக்கு."

"இது ஒண்ணுலதானா?"

"நாப்பத்தாறுலயும் இருக்கு சார்," என்றான் நிலவழகன் ஆசையாக. அர்ச்சனா அவன் காலை மிதித்தாள்.

முதலாளி லேப்டாப்பை விட்டு என் பக்கம் திரும்பினார். "அபிராமிக்குக் கொடுத்த தலைப்பொங்கல் பானையிலயுமா?"

தலையை ஆட்டினேன். அபிராமி அவருடைய ஒரே மகள். போன வருஷம் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். முதலாளி உடனே அவளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அந்தப் பொங்கப் பானையக் கவுத்து அடியில பாரு."

"எதுக்குப்பா? ஓட்டையா?"

"பாருங்கிறேன்ல."

பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு அபிராமி மெதுவாக வாசித்தாள்: "'நீ போனதிலிருந்து உங்கப்பா அவசரத்துக்கு என்னை உன் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.'" "நெசமாப்பா?"

"கடையில ஆளு நிக்குது, வையி." போனை வைத்துவிட்டுத் துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்தார்.

"மொதலாளி, நாளைக்கு நான் வரவா?" என்றேன்.

"வராம? எழுதுறத ஆழமா எழுது. நாரப் போட்டுத் தேச்சா ரெண்டு வருஷத்துல அழிஞ்சு போயிரும்."

அர்ச்சனா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, வெட்டியவர் என்ற கட்டத்தில் என் பேரை நாற்பத்தாறு இடத்திலும் போட்டாள். முதலாளி கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"அபி, பிள்ளைகளுக்கு டீ சொல்லு."

யாரும் திருத்தவில்லை. நான் எழுந்து டீக்கடைக்குப் போனேன்.