நாற்பத்தைந்து டிகிரி

காசிராஜனிடம் ஒரு கெட்ட பழக்கம். எதையும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று சொல்ல வராது. ஒட்டப்பிடாரத்துப் பக்கம் இருக்கும் அவன் ஊரிலிருந்து மகள் சந்திரலேகா போன் போட்டு, "எப்பா, பொங்கலுக்கு வருவீங்களா?" என்று கேட்டால், "வந்தாலும் வருவேன் தாயி" என்பான். போன வருஷமும் அப்படித்தான், அதற்கு முந்தின வருஷமும் அப்படித்தான். இரண்டு தடவையும் போகவில்லை. எட்டு வயசுப் பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று அவன் கேட்டதும் இல்லை.

இந்தத் தடவை போயே தீருவது என்று டிக்கெட் எடுத்துவிட்டான்.

வேலை ஒரகடத்தில், வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில். சுற்றுச்சூழல் பிரிவு என்று பெயர் மட்டும் பெரிசு. ஆள் இவன் ஒருத்தன்தான். தினமும் காலை ஏழு மணிக்கு மொட்டைமாடி ஏறி, அங்கே சுழலும் அம்பைப் பார்த்து, காற்று எங்கிருந்து வருகிறது என்று ரிஜிஸ்டரில் எழுதுவான். வடக்கு என்றால் சைபர் டிகிரி, கிழக்கு என்றால் தொண்ணூறு. நாலு வருஷமாக அவனுக்குப் பேச்சுத்துணையே அந்த அம்புதான்.

ஜனவரியில் ஒருநாள், பெயின்ட் ஷாப் கொக்கிகளில் ஒட்டிக் கெட்டியான பழைய பெயின்ட்டை எரித்து எடுப்பார்கள். அந்த நாற்றம் குடலைப் புரட்டும். கம்பெனிக்கு மேற்கே ஊர். தெற்கே பெண்கள் ஹாஸ்டல். இரண்டுக்கும் நடுவில், தென்மேற்கில், ஆளில்லாத ஏரி.

மேனேஜர் ஜீவானந்தம் கூப்பிட்டுச் சொன்னார்: "பொக ஏரிப்பக்கம் போற நாளா பாத்து சொல்லு காசி. ஆளுங்கள முன்னாடியே புக் பண்ணணும். கம்ப்ளைன்ட் இல்லாம முடிஞ்சிதுன்னா போகிலேந்து லீவு. கம்ப்ளைன்ட் வந்துச்சு, பதில் சொல்ல நீதான் இங்க இருக்கணும்."

காசிராஜன் நாலு பனிக்காலத்து ரிஜிஸ்டர்களையும் விரித்துவைத்து, டிசம்பர், ஜனவரி மாதத்துக் காலைகளை எல்லாம் கூட்டிச் சராசரி எடுத்தான். நாற்பத்தைந்து டிகிரி! நட்டநடு வடகிழக்கு. பள்ளிக்கூடத்தில் படித்த பருவக்காற்றின் பெயரும் அதுதானே என்று மனசு குதித்தது. வடகிழக்குக் காற்றில் புகை நேரே ஏரிக்குப் போகும். "எந்த நாள்னாலும் சரிதான் சார்" என்று சொல்லிவிட்டான். போகிக்கு நாலு நாள் முன்னால் தேதி குறித்தார்கள்.

அன்றைக்குக் காலையில் மாடி ஏறினால், அம்பு அசையாமல் கிழக்கைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. முந்தின மூன்று நாளும் அப்படியேதான் நின்றது. பார்த்தான். பார்த்துவிட்டு, மத்தியானத்துக்குள் திரும்பிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சட்டைப்பையில் டிக்கெட் இருந்ததே! ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

காற்று திரும்பவில்லை. புகை மொத்தமும் மேற்கே ஊருக்குள் இறங்கியது. மூன்று மணிக்கெல்லாம் கேட்டில் கூட்டம். கனகம் என்கிற பெண் இடுப்பில் பிள்ளையோடு முன்னால் நின்றாள்.

"இன்னாயா நெனச்சிக்கினு கீறீங்க? கொளந்த காலைலேந்து இருமிக்கினே கீது. உனுக்கு புள்ளகுட்டி கிடையாதா?"

லீவு போயிற்று.

அன்று சாயங்காலமே ரிஜிஸ்டர்களைத் திரும்ப எடுத்தான். இந்தத் தடவை கூட்டவில்லை; பிரித்தான். இருநூற்று நாற்பத்தெட்டுக் காலைகள். வடக்கை ஒட்டி நூற்று இருபது, கிழக்கை ஒட்டி நூற்றுப் பத்தொன்பது. இந்தப் பக்கம் நாலைந்து நாள் பிடிவாதமாக நிற்கும், பிறகு ஒரே தாவாக அந்தப் பக்கம் போய்விடும். அவன் நம்பிய நடுத்திசையில் காற்று வந்தது மொத்தமே ஒன்பது நாள். இந்தக் கூத்தை நாலு வருஷம் தன் கையாலேயே எழுதியும் கவனிக்கவில்லையே என்று நொந்துபோனான்.

அதற்குப் பிறகும் ஊருக்குப் போன் போடாமல் மூன்று நாள் தள்ளினான். பழக்கதோஷம்.

போகிக்கு முந்தின நாள் சாயங்காலம், சேரப்பணஞ்சேரியில் அவன் தங்கியிருந்த அறையில் கூட இருந்த மூன்று பேரும் பையைத் தூக்கிக்கொண்டு, ஊருக்கு பஸ் பிடிக்க, சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஷேர் ஆட்டோ ஏறிவிட்டார்கள். கொடியில் அவன் சட்டை மட்டும் தொங்கியது. அழுகை வரும்போல் இருந்தது. போனை எடுத்தான்.

"எப்பா, பஸ் ஏறிட்டீங்களா?"

'பாக்கேன் தாயி' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினான்.

"வரமாட்டேன் தாயி. இந்தப் பொங்கலுக்கு அப்பா வரமாட்டேன்."



"அப்பம் நாளைக்கு நான் ஸ்டாப்புக்குப் போகாண்டாம்லா?"

"எந்த ஸ்டாப்புக்கு?"

"நம்ம பஸ் ஸ்டாப்புதாம்பா. போன ரெண்டு போகிக்கும் போயி உக்காந்திருந்தேன்லா. வந்தாலும் வருவேன்னு சொன்னீங்கள்லா?"

"எவ்வளவு நேரம் தாயி உக்காந்திருந்த?"

"தூத்துக்குடிலருந்து வார பஸ் ஏழும் போற வரைக்கும்."