வைரஸ் என்று எழுதினேன்

என் மனைவிக்கு அழுக்கு பிடிக்காது என்று சொன்னால் அது பாதி உண்மைதான். அவள் தொற்றுநோய் வார்டின் தலைமை நர்ஸ். வெளியிலிருந்து வரும் எதையும், கட்டிய புருஷன் உட்பட, சந்தேகப்பட்ட பிறகுதான் உள்ளே விடுவாள். எங்கள் வீட்டில் காய்கறி என்னைவிட அதிக முறை குளிக்கும். "சந்தேகம் வந்தாலே நோய் வந்த மாதிரிதான். ரிசல்ட் வரட்டும்னு உக்காந்திருந்தா வார்டே காலியாயிடும்." இதுதான் அவளுடைய வேதம்.

நானோ ஏலம் விடுகிறவன். சந்தேகமே இல்லாத மாதிரி பேசுவதுதான் என் பிழைப்பு. பழைய சாமான் ஏலக்கூடத்தில் என் பட்டப்பெயர் வெண்கலம். கால் ஆடுகிற நாற்காலியைச் சிம்மாசனமாக்கி விற்றிருக்கிறேன். மைக் கெட்டுப்போன நாட்களில் முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டுதான் விலை கேட்பார்கள்.

அந்த வெண்கலத்தைத்தான் அறுத்து எடுத்துவிட்டார்கள். தொண்டையில் புற்று. குரல்வளையை முழுசாக எடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார்கள், எடுத்தார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை இருக்கிறது, மூச்சு அதன் வழியாகப் போய்வருகிறது. வாய் சாப்பிட மட்டும். மாமியார் உயிரோடு இருந்திருந்தால் ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பார்.

ஆபரேஷனுக்கு முன்பு, மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் பெண் ஒரு வழி சொன்னாள். வழக்கமாகப் பேசுவதையெல்லாம் இப்போதே பதிவு செய்துவையுங்கள், புண் ஆறிய பிறகு ஒரு சின்னக் கருவியில் ஏற்றித் தருகிறேன், பொத்தானைத் தொட்டால் உங்கள் குரலிலேயே பேசும் என்றாள். வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்த்து ஒழுகப் பேசினேன். தண்ணி வேணும், வலிக்குது, கதவுல யாருன்னு பாரு. இதெல்லாம் சட்டென்று முடிந்துவிட்டது. ஒரு மனுஷனுக்குத் தேவையான பேச்சு எவ்வளவு கொஞ்சம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மிச்சமெல்லாம் வம்பு. அந்த வம்புதானே நான்! அதனால் அதையும் பேசினேன். மனைவியைத் திட்டுகிற திட்டு, திட்டிவிட்டுச் சமாதானம் பேசுகிற பேச்சு, மகள் போன் செய்தால் முதலில் கேட்கிற கேள்வி, பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிற வார்த்தை. சிரிப்பைப் பதிவு செய்வதுதான் கஷ்டமாக இருந்தது. சிரி என்றால் சிரிப்பு வருமா? கடைசியில் அவள் வந்து கிச்சுகிச்சு மூட்டினாள். அதில் அவள் சிரிப்பும் சேர்ந்து விழுந்துவிட்டது. அழிக்க மனசு வரவில்லை.

"கம்ப்யூட்டர்ல இருந்தா மட்டும் பத்தாது. ரெண்டு பென்டிரைவ்ல காப்பி எடுத்து, ஒண்ணைத் தனியா வைங்க" என்று பயிற்சிப் பெண் சொல்லியிருந்தாள். ஒரே மாதிரி இரண்டு வாங்கினேன். ஒன்று எப்போதும் கம்ப்யூட்டரில் சொருகியே இருந்தது. பேசப் பேச அதில் ஏற்றினேன். மற்றதை, எல்லாம் முடிந்ததும் ஒரேயடியாக ஏற்றிக்கொள்ளலாம் என்று டிராயரில் போட்டேன். "ரெண்டாவது காப்பி ஆச்சா?" என்று மனைவி கேட்டபோது, "ஆச்சு ஆச்சு" என்றேன். ஏலக்காரன் வாய், கேட்டதற்கெல்லாம் ஆச்சு என்றுதான் சொல்லும். அவள் அதை வார்டுக் கணக்கில் எடுத்துக்கொண்டாள். அங்கே ஆச்சு என்றால் ஆகியிருக்கும்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து, சும்மா கிடந்து சலித்துப்போய், ஒரு சாயங்காலம் ஓசியில் படம் பார்க்கலாம் என்று ஏதோ ஒரு தளத்துக்குள் நுழைந்தேன். அனுமதி தருகிறாயா என்று கேட்டது. தாராளமாகத் தந்தேன். கொஞ்ச நேரத்தில் திரையின் மூலையில் சிவப்பாக ஒரு பெட்டி எழும்பியது. உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ்கள், உங்கள் கோப்புகள் ஆபத்தில் உள்ளன. மூடினால் இன்னொன்று. அதை மூடினால் இரண்டு. கூடவே ஆம்புலன்ஸ் மாதிரி ஒரு சத்தம்.

குரலெல்லாம் அதற்குள்தானே இருக்கிறது! கையைத் தட்டி மனைவியைக் கூப்பிட்டேன். வெள்ளைப் பலகையில் ஒரே ஒரு வார்த்தை எழுதிக் காட்டினேன். வைரஸ்.

எந்த வீட்டில் எந்த வார்த்தையை எழுதுகிறோம் என்று யோசித்திருக்க வேண்டும். அவள் கையுறை மாட்டிக்கொண்டு வந்தாள். சத்தியமாக! இணைய வயரைப் பிடுங்கினாள். மின்சாரத்தை நிறுத்தினாள். என்னை எழுப்பி நிற்கவைத்து, கையைக் கழுவச் சொன்னாள்.

"இதுக்கு ஏங்க கை கழுவணும்னு சிரிக்காதீங்க. பழக்கம். நீங்க போய்ப் படுங்க, காலையில நான் பாத்துக்கறேன்."

நானும் போய்ப் படுத்தேன். என் வீட்டிலேயே ஒரு தளபதி இருக்கும்போது எனக்கென்ன கவலை என்று நிம்மதியாகக்கூட இருந்தது. வலி மாத்திரை அடித்துப்போட்டுவிட்டது.

எழுந்தபோது விடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. கம்ப்யூட்டர் இருந்த மேஜை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. துடைத்துத்தான் விட்டிருந்தாள், ஸ்பிரிட் வாடை அடித்தது. கம்ப்யூட்டரும் இல்லை, சொருகியிருந்த பென்டிரைவும் இல்லை. போனில் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. "கம்ப்யூட்டரைக் கடையில குடுத்து, ஒண்ணு விடாம அழிக்கச் சொல்லிட்டேன். அதுல சொருகியிருந்ததும் தொத்துதான், ஆஸ்பத்திரி மஞ்சள் பையில போட எடுத்துட்டுப் போறேன். டிராயர்ல இருக்கற காப்பி வைரஸ் வந்தப்புறம் கம்ப்யூட்டரைத் தொடல, அது சுத்தம். கவலைப்படாம ரெஸ்ட் எடுங்க."

மஞ்சள் பை எரிஉலைக்குப் போவது. டிராயரில் இருந்தது சுத்தம்தான், துளிக் குரல்கூடப் படாத சுத்தம்.

போடாதே, டிராயரில் இருப்பது வெறும் டிரைவ் என்று செய்தி அனுப்பினேன். அவள் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டாள், வார்டுக்குள் போகும்போது போனை அலமாரியில் பூட்டிவிடுவாள். அது அவளே போட்ட விதி. வார்டின் தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. யோசிக்காமல் அழைத்துவிட்டேன்.

"வார்டு. யார் பேசறது?" இளம் நர்ஸ் ஒருத்தியின் குரல்.

வாயைத் திறந்தேன். உதடு அசைந்தது, நாக்கு அசைந்தது. கழுத்துத் துளையிலிருந்து காற்று உஸ் என்று சீறியது.

"ஹலோ? யாருங்க?"

உஸ்.

வைத்துவிட்டாள். மறுபடி அழைத்தேன். போனில் விரலால் தட்டினேன். யாராவது புரிந்துகொள்ள மாட்டார்களா? பதற்றத்தில் மூச்சு இன்னும் வேகமாக இரைத்தது.

"யோவ், வெக்கமா இல்ல? ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி மூச்சு விட்டுக்கிட்டிருக்க! வீட்ல அக்கா தங்கச்சி இல்ல? இன்னொரு தடவ வந்துச்சு, போலீஸ்ல குடுத்துருவேன்!"

ஊமை கண்ட கனவு என்பார்கள். ஊமை போட்ட போன் அதைவிடக் கேவலம். பனியனோடு ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு, பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். டாக்ஸிக்காரரிடம் எழுதிக் காட்டினேன். வாசல் காவலாளியிடம் எழுதிக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, எழுத்துக்கூட்டிப் படித்து, "பாக்கற நேரம் நாலு மணிக்குத்தான்" என்றார். அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூட்டத்தைச் சத்தமில்லாமல் விலக்கிக்கொண்டு போனேன்.

வார்டுக் கதவின் கண்ணாடியைத் தட்டித் தட்டி அவளை வெளியே வரவைத்தேன். முகக்கவசத்தை இறக்கிக்கொண்டே வந்தாள்.

"என்னங்க, இரத்தம் வருதா? மூச்சு முட்டுதா?"

பலகையைக் காட்டினேன். டிராயரில் இருப்பது காலி.

படித்தாள். மறுபடி படித்தாள். "ஆச்சுன்னு சொன்னீங்களே" என்றாள். கோபமில்லை, குழந்தை கேட்கிற மாதிரி கேட்டாள். பிறகு ஓடினாள். நடைபாதையில் ஓடக்கூடாது என்று அத்தனை பேரையும் விரட்டுகிறவள் ஓடினாள். பின்கட்டுக் கொட்டகையில் தொட்டிகள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. காலை வண்டி எப்போதோ போய்விட்டது, இந்நேரம் எரிஞ்சிருக்கும் சிஸ்டர் என்றார்கள். அன்றைக்கென்று பார்த்து வண்டி நேரத்துக்கு வந்திருக்கிறது.

அங்கேயே நின்று என் போனை வாங்கிக் கம்ப்யூட்டர் கடைக்குப் பேசினாள். நானும் கேட்பதற்காகச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"முடிச்சாச்சு சிஸ்டர்!" கடைக்காரருக்கு ஒரே பெருமை. "நீங்க சொன்ன மாதிரியே சுத்தமா அழிச்சு, அது மேல ரெண்டு தடவ வெத்து எழுத்தையும் எழுதிட்டேன். இனிமே அந்த பிரம்மாவே வந்தாலும் பழசை எடுக்க முடியாது."

"வைரஸ்... ரொம்ப இருந்துச்சா?"

"வைரஸா? ஒண்ணுமே இல்லையே. ஏதோ சைட்டுக்கு அனுமதி குடுத்திருக்கீங்க, அது விளம்பரத்தை அள்ளி விட்டிருக்கு. அந்த அனுமதியை எடுத்திருந்தா அடங்கியிருக்கும். நீங்கதான் அழிச்சே ஆகணும்னு கண்டிப்பா சொன்னீங்களேன்னு..."

அவள் போனை அணைக்கவில்லை. அவரே கொஞ்ச நேரம் ஹலோ ஹலோ என்று சொல்லிவிட்டு வைத்தார்.

பழைய வீடியோக்கள் இருக்கின்றன. அன்று வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரும் அவளுடைய போனில் தேடித் தேடிப் பார்த்தோம். வாங்க வந்தவர்கள் ஏலக்கூடத்தில் எடுத்தவை. எல்லாவற்றிலும் நான் விற்கிறேன். கட்டிலை விற்கிறேன், பீரோவை விற்கிறேன், ஊருக்கே கேட்கிற மாதிரி பொய் சொல்கிறேன். வீட்டில் பேசுகிற குரல் ஒன்றிலும் இல்லை. வீட்டில் யார் யாரை வீடியோ எடுக்கிறார்கள்? மகளிடமும் கேட்டுப் பார்த்தாள். கல்யாணத்தில் எடுத்தது இருக்கிறது, அதில் நாதஸ்வரச் சத்தத்தில் என் வாய் அசைவது மட்டும் தெரிகிறது என்றாள் மகள்.

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"திட்டுங்க."

மாட்டேன் என்று தலையசைத்தேன்.

"ஐயோ, திட்டுங்க! எனக்குத் தாங்கல. இவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்கேன், ஒரு வார்த்தை திட்டாம உக்காந்திருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

எனக்குக் கோபம் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது ஏலப் பேச்சு. அவள்மேல் இருந்தது, அதைவிட என்மேல் இருந்தது. பலகையை எடுத்து எழுதினேன். 'ஏண்டி மகராணி, உன் சுத்தத்துல தீய வெக்க.'

அவள் வாங்கி வாய்விட்டுப் படித்தாள். மருந்துச் சீட்டை வாசிக்கிற குரலில், ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் படித்தாள். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க இப்படிச் சொல்ல மாட்டீங்களே. ஏண்டியை இழுப்பீங்க. ஏஏண்டி மகராணி... இப்படியா?"

இல்லை என்று தலையாட்டினேன். இழுப்பது அங்கே இல்லை. மகராணியில் இழுப்பேன், தீயில் குரல் இறங்கும், கடைசியில் பாதிச் சிரிப்பு வரும். என் தலைக்குள் அது அச்சு அசலாகக் கேட்கிறது. அதை எப்படி எழுதிக் காட்டுவது?

"ஏண்டி மகராணீ... இப்படியா? இதுவும் இல்லையா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருங்க, எனக்கு வந்துடும். இத்தன வருஷம் கேட்டிருக்கேன், வராமயா போயிடும்?"

மறுபடி சொன்னாள். இன்னொரு முறை சொன்னாள். ஒவ்வொரு முறையும் அது என்னைவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, யாரோ ஒரு ஆளின் பேச்சாக மாறிக்கொண்டே போனது. அவள் முகத்தில் ஒரு பயம் வந்தது. "இப்படித்தானே? சொல்லுங்க, இப்படித்தானே?"

இல்லை. ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டினேன்.