சிவப்பு விழட்டும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பஸ்ஸின் முன் சீட்டில். டிரைவர் ஒரு பெண். நாலு ரோடு கூடும் இடத்தை நெருங்கும்போது பச்சை எரிந்துகொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் ஒரு மிதி மிதித்துத் தாண்டிப் போயிருப்பார்கள். இவளோ காலைத் தளர்த்தினாள். பஸ் ஊர்ந்தது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. அவள் அசரவில்லை. மஞ்சள் வந்து, சிவப்பும் விழுந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். தலையைத் தூக்கி, ஓரத்தில் இருந்த ஒரு வீட்டின் முதல்மாடி ஜன்னலைப் பார்த்தாள். பச்சை வருகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சிவப்பு விழாதா என்று ஏங்குகிற டிரைவரை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

ஜன்னலில் யார் இருந்தார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? தெரியாது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஜன்னலைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு உறைத்தபோது பஸ் நகர்ந்துவிட்டது. ஆகவே இனிமேல் வருவதெல்லாம் என் கைச்சரக்கு. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பாதி வழியில் மட்டும் இறங்கிவிடாதீர்கள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "அந்த ஜன்னலுக்குப் பின்னால் அவள் ஒரு காலத்தில் காதலித்த—"

வேண்டாம். காதலனைப் பார்க்கிற முகத்தில் கொஞ்சமாவது வெட்கம் இருக்கும்.

இரண்டாவது தொடக்கம்: "அது அவள் பிறந்த வீடு. இப்போது அதில் வேறு யாரோ—"

வீட்டைப் பார்க்கிறவள் சுவரையும் கூரையையும் பார்ப்பாள். இவள் பார்த்தது ஒரே ஒரு இடத்தை. பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் தன்னைக் கூட்டிப்போக வந்தவரைக் கண்டுபிடித்துவிட்ட குழந்தையின் முகம் அது. அப்படியானால் ஜன்னலில் இருப்பது அவளை வளர்த்தவர். அவளை வளர்த்தது...

பாட்டி. மறுபடியும் பாட்டியா என்று நீங்கள் முனகுவது காதில் விழுகிறது. எனக்கும் அதே சலிப்புத்தான். அதனால் பாட்டியிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்: கதை சொல்லக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, கைவைத்தியம் கூடவே கூடாது. பாட்டிக்குத் தொண்ணூற்றேழு வயது. பாதி நேரம் தூக்கம். மீதி நேரம் ஜன்னல்.

3

பேத்தியைப் பாட்டி கூப்பிடுவது "வாலு" என்று. சின்ன வயதில் அவ்வளவு சேட்டை. அம்மா அவளைப் பெற்ற சூட்டோடு கண்ணை மூடிவிட்டாள். அள்ளிக்கொண்டது பாட்டி. இப்போது பாட்டியை அள்ளிக்கொண்டிருப்பது சித்தி, அம்மாவின் தங்கை. பாட்டியைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டுவது எல்லாம் சித்திதான். பேத்தியின் வாடகை அறை நகரத்தின் இன்னொரு கோடியில், டிப்போவுக்குப் பக்கத்தில். வார லீவு அன்றைக்குத்தான் அவளால் வர முடியும். வந்தால் ஒரு வேளை ஊட்டுவாள், நகம் வெட்டிவிடுவாள், சாயங்காலம் கிளம்பிவிடுவாள்.

ஆனால் அவள் ஓட்டுகிற ரூட் அந்த வீட்டைத் தாண்டித்தான் போகிறது. அங்கே ஸ்டாப் கிடையாது, சிக்னல் உண்டு. சிவப்பு விழுந்தால் பாட்டியைப் பார்க்கலாம். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சித்தி உட்கார வைத்திருப்பாள். பஸ் வந்து நின்றதும் பாட்டியின் கை மேலே போகும். டாட்டா காட்டுவதுபோல் அல்ல, ரோட்டோரத்தில் நின்று பஸ்ஸை நிறுத்துகிறவர்கள் மாதிரி நேராகத் தூக்குவாள். பச்சை விழுந்ததும் கை இறங்கும்.

"டைமிங்ல ஓட்டுறதுன்னா உனக்கு என்னன்னே தெரியாதா?" என்று டிப்போவில் கேட்டார்கள்.

"சிக்னல் சார்," என்றாள். பொய் இல்லை.

4

வார லீவு. பேத்தி கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பாட்டியின் கையைப் பிடித்து எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா," என்றாள் பாட்டி. "ஜன்னல மறைக்காத."

"எதுக்கு பாட்டி?"

"என் பேத்தி வர்ற நேரம்."

இதுதான் விஷயம். பக்கத்தில் இருக்கிற முகம் எதுவும் பாட்டிக்குப் பிடிபடுவதில்லை. ஆனால் தூரத்தில் வருகிற பஸ்ஸும், அதன் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற தலையும் அவளுக்கு நன்றாகத் தெரிகிறது.*

பேத்தி நாற்காலியை நகர்த்திப் போட்டாள். "நான்தான் பாட்டி வாலு" என்று முன்பெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். பாட்டி மிரண்டுபோய்ச் சித்தியைக் கூப்பிடுவாள். அதனால் இப்போது சொல்வதில்லை.

பஸ் வந்தது. ஓட்டுகிறவர் "மீசை" என்று டிப்போவில் எல்லோரும் கூப்பிடும் சீனியர். "அந்த ஜன்னலுக்கு ஒரு கை காட்டிடுங்கண்ணே" என்று பேத்திதான் கெஞ்சி வைத்திருந்தாள். மீசை தலையை வெளியே நீட்டி, வாய் கொள்ளாத சிரிப்போடு கையை ஆட்டினார். பாட்டியின் கை உயர்ந்தது.

"பாத்தியா? அதான் என் வாலு," என்றாள் பாட்டி.

"பாத்தேன் பாட்டி," என்றாள் பேத்தி. வயிறெரிந்தது. மீசைமேல் யாராவது பொறாமைப்படுவார்களா? இவள் பட்டாள்.

(* இப்படியெல்லாம் நடக்குமா என்று ஒரு கண் டாக்டரிடம் கேட்டேன். "வயசானா எல்லாம் நடக்கும்" என்றார். எழுதுகிறவனுக்கு இதைவிட வசதியான பதில் கிடையாது.)

5

இந்த இடத்தில் எனக்கு மாமா தேவைப்பட்டார். எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார்: ஆடிக்கொருதரம் எட்டிப் பார்ப்பார், ஒரு பை ஆப்பிள் வைப்பார், யோசனை சொல்லிவிட்டுப் போவார். (ஆப்பிளைக் கடிக்கப் பாட்டிக்குப் பல் கிடையாது.) கெட்டவராக எழுத ஆரம்பித்தேன். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்து தொலைத்தது.

"கட்டில பின்ரூமுக்கு மாத்திடலாம். பாத்ரூம் அங்கதான இருக்கு? இங்கேருந்து நீ எத்தன தடவ தூக்கிட்டுப் போவ?"

சித்தி இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்த பட்டையைத் தளர்த்திக்கொண்டாள். டாக்டர் கொடுத்த பட்டை.

பின்ரூமிலும் ஜன்னல் உண்டு. திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

மாமா போன பிறகு பேத்தி கேட்டாள், "ஏன் சித்தி, பாத்ரூமுக்குப் போக வேற வழி—"

"நீயே சொல்லு," என்றாள் சித்தி. கோபம் இல்லை, அலுப்புத்தான். "பாக்க வர்றவங்களுக்கு ஜன்னல் பக்கம் நல்லாத்தான் இருக்கும். பாத்துக்கறவளுக்குப் பாத்ரூம் பக்கம் வேணும்டி. உன்ன மீறி நான் பண்ண மாட்டேன். நீ வேணாம்னா வேணாம். ஆனா சீக்கிரம் சொல்லு. கீழ் வீட்டு ஆளுங்க கட்டில் தூக்க வரேன்னு சொல்லியிருக்காங்க."

[இங்கே பேத்தி நல்ல பதிலாக ஒன்று சொல்ல வேண்டும் என்று மூன்று நாள் உட்கார்ந்து யோசித்தேன். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும்தான்.]

6

யூனிபார்மோடு போய்ப் பார் என்று அவளுக்கு யோசனை சொன்னது நான். எனக்கு வேறு வேலை இல்லை.

ஷிப்ட் சீக்கிரம் முடிந்த ஒரு நாள், நீலச் சட்டையும் தோளில் பட்டையுமாக மாடி ஏறினாள். பாட்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பேத்தி ஓரடி முன்னால் வந்தாள்.

"வாங்க," என்றாள் பாட்டி. "பஸ்ஸ எங்க நிறுத்திட்டு வந்தீங்க?"

பிறந்ததிலிருந்து "வாடி" என்று மட்டுமே கூப்பிட்ட வாய் அது.

"டிப்போல நிக்குது பாட்டி."

"எங்க வாலுவ உங்களுக்குத் தெரியுமா? அவளும் பஸ்தான் ஓட்டுறா."

பேத்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், ஜன்னலை மறைக்காமல். "தெரியும் பாட்டி. எங்க டிப்போதான்."

"நல்லா ஓட்டுறாளா?"

"ம்... நல்லாத்தான் ஓட்டுறா."

"சின்னதுலேயே அப்படித்தான். சாப்பாட்டுத் தட்டத் தூக்கி வெச்சுக்கிட்டு ஸ்டீயரிங்னு சுத்துவா. ஊட்டப் போனா, ஸ்டாப் வந்தாத்தான் வாயத் தொறப்பேன்னு அடம்."

சித்தி கிண்ணத்தோடு வந்தாள். பாலில் ஊறின ரொட்டி. பாட்டி உதட்டை இறுக்கிக்கொண்டாள். சித்தி கொஞ்சினாள், அதட்டினாள், கடைசியில் கிண்ணத்தைப் பேத்தியின் கையில் திணித்துவிட்டுப் போனாள். பேத்தி ஸ்பூனைப் பாட்டியின் வாயருகே கொண்டுபோனாள்.

"ஸ்டாப் வந்துடுச்சு பாட்டி."

பாட்டி வாயைத் திறந்தாள். மென்றாள், விழுங்கினாள். பிறகு அவளையே உற்றுப் பார்த்தாள்.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவதான் சொன்னா."

"அவளா சொன்னா?" பாட்டிக்குப் பெருமை தாங்கவில்லை. கிண்ணம் காலியாகிறவரை ஒவ்வொரு ஸ்டாப்பிலும் வாயைத் திறந்தாள். முடிந்ததும் பேத்தியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அவகிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த முனைக்கு வந்தாலே தலைய மேல தூக்குறா. எனக்கு இங்க பதறுது. ரோட்டப் பாத்து ஓட்டச் சொல்லுங்க. அவ என்னப் பாக்க வேணாம், நான் அவளப் பாத்துக்கறேன்."

"சொல்றேன் பாட்டி."

"மறந்துடாதீங்க."

என்ன இது, புத்தி சொல்லக் கூடாது என்று பேசி வைத்திருந்தோமே என்று நான் கேட்கலாம். கேட்கவில்லை. அது புத்தி இல்லை. பயம்.

பேத்தி கிண்ணத்தைக் கழுவப் போனாள். திரும்பி வரும்போது சித்தி பாட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கை முதுகுக்குக் கீழே, ஒரு கை முழங்காலுக்குக் கீழே. பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு. பாத்ரூமுக்குப் போகும் நடையின் நடுவில் சுவரில் சாய்ந்து ஒரு நிமிடம் நின்றாள். பேத்தி ஓடிப்போய்ப் பிடித்தாள். நாளைக்கு யார் ஓடிவந்து பிடிப்பார்கள்?

"கட்டில மாத்திடுங்க சித்தி," என்றாள் வாசலில் செருப்பை மாட்டும்போது.

சித்தி உடனே தலையாட்டவில்லை. "மூஞ்சிய இப்படி வெச்சுக்கிட்டுச் சொல்லாத."

"மூஞ்சி அப்படித்தான் இருக்கும். உங்களுக்கு ஒண்ணுன்னா பாட்டிக்கு யாரு இருக்கா? எனக்கு யாரு இருக்கா?"

சித்தி அவள் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். உள்ளே படுத்திருந்தவளைத் திரும்பிப் பார்த்தாள். "காலைல ஆளுங்க வரட்டும். பாப்போம்," என்றாள்.

7

முடிவு. எழுதிப் பார்த்ததை எல்லாம் ஒளிக்காமல் காட்டிவிடுகிறேன்.

மறுநாள் பஸ் வருகிறது. ஜன்னலில் திரை போட்டிருக்கிறது. எழுதிவிட்டேன். பொருத்தமாகத்தான் இருந்தது. எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து அடித்துவிட்டேன். என்னால் தாங்க முடியவில்லை.

கட்டில் அங்கேயே இருக்கிறது, கை உயர்கிறது. படிக்கிறவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் சித்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னை முறைக்கிறாள்.

பாட்டி பின்ரூமில். ஜன்னலில் சித்தி நிற்கிறாள், பாட்டியைப் போலவே கையை நேராகத் தூக்கிக்கொண்டு. இது ரொம்ப நன்றாக இருக்கிறதே என்று எனக்கே தோன்றியது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. சித்திக்கு அந்த நேரத்தில் துணி துவைக்கிற வேலை இருக்கும்.

ஆகவே நான் முன் ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொண்டேன். முன் சீட் காலி. நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

பஸ் அந்த முனையை நெருங்குகிறது. பச்சை. இன்றைக்கு அவள் காலைத் தளர்த்தவில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொல்லி அனுப்பியிருக்கிறார்களே. எப்போதும்போலவே ஓட்டுகிறாள். ஆனால் தானாகவே மஞ்சள் வருகிறது, சிவப்பும் விழுந்துவிடுகிறது. இத்தனை நாள் வேண்டி நின்ற சிவப்பு, வேண்டாம் என்று இருக்கிற அன்றைக்கு வந்து நிற்கிறது.

பஸ் நிற்கிறது. அவள் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிறாள். கண் ரோட்டில். தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் பாட்டி மேலே இருந்து பதறுவாள். பாட்டி மேலே இல்லாவிட்டால்... அதை அவளால் பார்க்க முடியாது.

எதிர்ப்பக்கம் நடப்பவர்கள் கடந்து முடிக்கப் போகிறார்கள். பச்சை விழ அதிக நேரம் இல்லை. அவள் திரும்பாமலே, முன் சீட்டில் இருக்கிற உங்களிடம் தாழ்ந்த குரலில் கேட்கிறாள்:

"மேல, அந்த ஜன்னல்ல... யாராவது கை தூக்கியிருக்காங்களா? கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"