திரும்பி வந்த வைரத் தகடு

பாலக்காட்டுப் பெரிய அங்காடியில் சைனுதீன் ராவுத்தர் கடையிலிருந்து போன ரம்பம் எதுவும் திரும்பி வந்ததில்லை. அவருடைய அத்தா முகம்மது குட்டி ராவுத்தர் தொடங்கி, நாற்பத்திரண்டு வருஷமாக நடக்கும் இரும்புக் கடை அது. நெம்மாறை, வாளையார்ப் பக்கத்து மரம் அறுப்பவர்கள் வழியில் பத்துக் கடை இருந்தாலும் தாண்டி வந்து இங்கேதான் வாங்குவார்கள். கம்பெனிக்காரன் தீட்டி அனுப்பும் கூர்மையை இந்தக் குடும்பம் என்றைக்கும் நம்பியதில்லை. எந்த ரம்பமானாலும் சாணையில் பிடித்து, அரம் போட்டு, நகத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் வாங்குபவர் கைக்குப் போகும். அந்த வேலையைக் கூலியாளிடம் விடுவதில்லை. ராவுத்தர் வீட்டு ஆண் கைதான் செய்ய வேண்டும்.

ஆகவே 1955 ஐப்பசியில் ஒரு புதன்கிழமை காலை, கொழிஞ்சாம்பாறை ஈஸ்வரமூர்த்தி காகிதத்தில் சுற்றிய வட்டத் தகட்டைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தபோது, ராவுத்தர் அதைத் தொடவில்லை.

"இதுவும் போயிருச்சுங்க ராவுத்தரே," என்றார் ஈஸ்வரமூர்த்தி. "ஒண்ணரைக் கல்லு. அதுக்கு மேல ஓடலைங்க."

"மொதல் தகடும் ஒண்ணரைக் கல்லுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாங்க. அதேதானுங்க."

"ரெண்டு தகடும் ஒரே மாதிரி கெடுமா? கெடுக்கிற கை ஒண்ணா இருந்தாத்தான் அப்படி ஆகும்."

சாக்கு மூட்டைகளை நகர்த்திக்கொண்டிருந்த அலவி நிமிர்ந்தான். பதினெட்டு வருஷமாக அந்தக் கடையில் நிற்பவன், மலப்புரத்துக்காரன். ஆணி வாங்க வந்த இரண்டு தச்சர்களும் போகாமல் நின்றார்கள்.

ஈஸ்வரமூர்த்தி தங்கம் நிறுக்கும் தராசு செய்பவர். தண்டின் நடுமுள் உட்காருகிற இடத்தில் அரிசி அளவுக்கு ஒரு கல் துண்டு வைக்க வேண்டும். இரும்பு வைத்தால் தேய்ந்து எடை தப்பும். அகேட் கல்தான் தேயாது. ராவுத்தர் விரலில் வெள்ளி மோதிரத்தில் பதித்திருந்த அகீக் கல்லும் அதே ஜாதிதான். தேயாத கல்லை அறுப்பதுதான் பாடு. இத்தனை நாளும் ஈஸ்வரமூர்த்தி மெல்லிய இரும்புத் தகட்டைச் சுழலவிட்டு, குருந்தக்கல் பொடியைத் தண்ணீரில் குழைத்து ஊற்றி ஊற்றி அறுத்து வந்தார். கல் அறுபடும், கூடவே தகடும் கரையும். ஆயில் எஞ்சின் வாங்கிய பிறகு, வருஷக்கணக்கில் நிற்கிற தகடு ஒன்று வேண்டும் என்று ராவுத்தரிடம் வந்தார். கோயமுத்தூர் நகைக்கடைகளுக்குத் தீபாவளிக்குள் பன்னிரண்டு தராசு கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

கடினமான கல்லுக்குக் கடினமான எஃகு என்று ராவுத்தர் முதலில் பல் வைத்த ரம்பத்தைக் கொடுத்துப் பார்த்தார். கல் மேல் வைத்த மாத்திரத்தில் பற்கள் சோளப்பொரி மாதிரி தெறித்தன. சோதனைக்குக் கொடுத்தது, விற்றதல்ல என்று அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. பிறகு பம்பாய்க்கு எழுதி, விளிம்பில் வைரத் தூள் பதித்த தகடு இரண்டு வரவழைத்தார். ஒலவக்கோடு ஸ்டேஷனிலிருந்து பெட்டி வந்த அன்று, மூடியின் உட்புறம் இங்கிலீஷில் ஏதோ அச்சடித்து ஒட்டியிருப்பதை அலவி காட்டினான்.

"போஸ்ட் மாஸ்டர் கிட்ட படிக்கக் குடுத்து ஒண்ணு வாயிச்சு கேக்கலாமே மொதலாளி."

"ரம்பம் எப்படின்னு ராவுத்தருக்குக் காகிதம் சொல்லித் தரணுமாடா?"

அலவி பெட்டியை மூடி வைத்துவிட்டான்.

இப்போது, தச்சர்கள் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டாவது தகடும் கெட்டுப்போய்க் கல்லாப்பெட்டி மேல் கிடந்தது. நடுவில் குழிந்து தட்டுப் போல ஆகியிருந்தது. விளிம்பு சூட்டில் கறுத்து, கடித்துத் தின்றது போல இருந்தது.

"எண்ணெய் ஊத்தினீங்களா?"

"ஊத்தினனுங்க."

"கல்லை ஆட்டாமப் புடிச்சீங்களா?"

"இருவது வருசமா கல்லு புடிக்கறனுங்க. ஏனுங்க, நானென்ன இன்னைக்குப் பொறந்தவனா? கல்லுக்குள்ள போன தகடு அங்கியே சிக்கிக்குதுங்க. நான் என்ன பண்றது?"

"பொறுமையாப் பண்றது. தராசுக்காரனுக்கே கை நடுங்கினா எடைக்கு எங்கே போறது?"

தச்சர்களில் ஒருவன் சிரித்தான். ஈஸ்வரமூர்த்தி முகம் சிறுத்துப்போனது. காசைத் திருப்பிக் கேட்க வரவில்லை என்றும், தீபாவளிக்கு இருபது நாள் இருக்கிறது, ஒரு தராசுகூட முடியவில்லை என்றும் சொன்னார். ராவுத்தர் காதில் விழுந்தது தகடு திரும்பி வந்துவிட்டது என்பது மட்டும்தான். நாளைக்கு இது அங்காடி முழுக்கப் பேச்சாகும். அத்தா பெயரோடு சேர்த்துப் பேசுவார்கள்.

அவர் எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"வாங்க, கோயமுத்தூர் போவோம். அங்கே ரத்தினக் கல்லு அறுக்கிறவங்களுக்குச் சாமான் விக்கிற குப்பண்ணன் இருக்கான். இதையும், நீங்க பையில கொண்டு வந்திருக்கிற மொதல் தகட்டையும் அவன் முன்னாடி வைப்போம். தப்பு தகட்டு மேலயா கை மேலயான்னு அவன் சொல்லட்டும்."

"வேண்டாமுங்க. விடுங்க."

"விடறதுக்கில்லை. அலவி, கடையைப் பார்த்துக்கோ."

வாளையாரில் பஸ் நின்றபோது ஈஸ்வரமூர்த்தி இறங்கி இரண்டு டம்ளர் டீ வாங்கி வந்தார். ராவுத்தர் ஒன்றை வாங்கிக் குடித்தார். எத்தனை கேள்வி கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்லும் இந்த மனிதர்மேல் அவருக்கு எரிச்சல் தணியவில்லை. தப்பை ஒத்துக்கொண்டுவிட்டால் மூன்றாவது தகட்டை ராவுத்தரே வரவழைத்துக் கொடுத்துவிடுவாரே.

குப்பண்ணன் கடை ராஜவீதியிலிருந்து பிரியும் சந்தில் இருந்தது. கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு அவர் தகடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டறைக்காரர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள்.

"அழுத்தியிருக்கீங்க," என்றார் கடைசியில், ஈஸ்வரமூர்த்தியைப் பார்த்து. "வைரத் தகடு தானா அறுக்கும். நாம அவசரப்பட்டு அமுக்கினா, சூடேறிக் குழிஞ்சு போகும். இது கைத்தப்புங்க, தகட்டுத் தப்பில்ல."

ராவுத்தர் கேட்க வந்தது அதைத்தான். முதுகை நிமிர்த்தி நின்றார்.

ஈஸ்வரமூர்த்தி எதிர்த்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தார். அவரோ, "அப்படித்தான் இருக்குமுங்க," என்று மட்டும் சொன்னார். "கை முன்னப் போல இல்லீங்களோ என்னமோ." தம் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துவிட்டு, அதை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"இந்தாங்க, புதுசு எப்படி இருக்கும்னு பாருங்க," என்று குப்பண்ணன் ஒரு தகட்டைப் பிரித்து ராவுத்தர் கையில் கொடுத்தார். "கூர் தேடாதீங்க. இதுல கூரே கெடையாது."

பழக்கத்தில் ராவுத்தரின் கட்டைவிரல் விளிம்புக்குப் போனது. விளிம்பு மழுங்கலாக, சதுரமாக இருந்தது. வழுவழுப்பு இல்லை, பூனை நாக்கைத் தொட்டது போலச் சொரசொரத்தது. மயிரிழை போன்ற கீறல்கள் வரிசையாக ஓடின. ஒவ்வொரு கீறலுக்குள்ளும் வைரத் தூளை வைத்து அடித்து மூடியிருக்கிறார்கள் என்று குப்பண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். கல்லை அறுப்பது அந்தத் தூள்தான். தகடு நுழைய வழிவிடுவதும் அந்த விளிம்பின் தடிமன்தான்.

பெட்டியிலிருந்து எடுத்த அன்று தம் தகடுகளும் இப்படித்தான் இருந்தன. பம்பாய்க்காரன் கூர் வைக்காமலே அனுப்பிவிட்டான் என்று திட்டிக்கொண்டே அவர் சாணையை மிதித்தார். இரண்டு பக்கமும் சரித்து, பிளேடு மாதிரி மெலிதாக்கி, நகத்தில் வைத்துப் பார்த்து, திருப்தியோடு காகிதத்தில் சுற்றினார். சாணைக்கல்லின் கீழே மினுமினுத்த பொடியை மறுநாள் அலவி பெருக்கித் தள்ளினான். இரண்டாவது தகட்டை இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடித்தார். முதல் தகட்டுக்கு உழைப்பு போதவில்லை என்று நினைத்தார்.

யாருக்கும் தெரியாது. கறுத்துச் சிதைந்த விளிம்பைப் பார்த்துக் குப்பண்ணனாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. குற்றவாளியே ஒத்துக்கொண்டும் விட்டார். கடை பெயருக்கு ஒரு கீறலும் இல்லாமல் மதிய பஸ்ஸில் வீடு போய்ச் சேரலாம்.

"கல்லை இனி இப்படி மெதுவா நகத்திக் குடுங்க," என்று குப்பண்ணன் ஈஸ்வரமூர்த்திக்குக் கையைப் பிடித்துக் காட்டத் தொடங்கினார். இருபது வருஷம் கல் அறுத்தவர் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"அவர் கையை விடுங்க," என்றார் ராவுத்தர்.

குரல் அவர் நினைத்ததைவிட உயர்ந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

"தகட்டைக் கெடுத்தது நான். சாணை புடிச்சுக் குடுத்தேன். அதிலே இருந்த வைரம் அங்கேயே போச்சு."

குப்பண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "சாணையா? வைரத் தகட்டுக்கா?"

"ஆமா. வைரத் தகட்டுக்குத்தான்."

பட்டறைக்காரர் ஒருவர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்தினார். ஈஸ்வரமூர்த்தி சிரிக்கவில்லை.

"ரெண்டையுமா?" என்று கேட்டார்.

"ரெண்டையும்."

"அங்காடியில நாலு பேரு முன்னால என் கையைச் சொன்னீங்க."

"சொன்னேன். அதே நாலு பேர் முன்னாலே இதையும் சொல்றேன்."

"அந்தத் தச்சருங்க இந்நேரம் ஊட்டுக்குப் போயிருப்பாங்க ராவுத்தரே."

ராவுத்தர் குப்பண்ணனிடம் இருந்த தகடுகளில் நல்லதாக ஒன்றைக் கேட்டு வாங்கினார். ரம்பம் வாங்க இன்னொருவர் கடைப் படியில் அந்தக் குடும்பத்து ஆள் நின்றது அதுதான் முதல் தடவை. குப்பண்ணன் தகட்டை அட்டை வைத்துக் கட்டி நீட்டினார். ராவுத்தர் கையை நீட்டுமுன் ஈஸ்வரமூர்த்தி அதை வாங்கிக்கொண்டார்.

"இது எங்கிட்டயே இருக்கட்டுங்க."

திரும்பி வருகையில் பஸ்ஸில் கூட்டம். ஒரே இருக்கையில் நெருங்கி உட்கார வேண்டியிருந்தது. பொட்டலத்தை ஈஸ்வரமூர்த்தி ஜன்னல் பக்கமாக, ராவுத்தருக்கு எட்டாத தொடைமேல் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ராவுத்தர் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.