எலுமிச்சம்பழம் மிதிக்காத வண்டி

எங்கள் வீட்டில் வண்டிப் பேச்சு தொடங்கிவிட்டால் அடுப்பில் சோறு கருகினாலும் யாருக்கும் மூக்கு வேலை செய்யாது. என் மாமனார் சோலைமலை முப்பத்தொரு வருடம் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறி ஓட்டியவர். வேலையிலிருந்து நின்றபோது கையில் வந்ததைப் போட்டு ஒரு பழைய டொயோட்டா டி.எக்ஸ். வேகன் வாங்கினார். நோர்வூட்டிலிருந்து மேலே ஏறும் எங்கள் தோட்டத்தில் ஒரு தொழிலாளி வீட்டு வாசலில் நின்ற முதல் கார் அதுதான். அதை அவர் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது. மகன் பிரதாப், அதாவது என் வீட்டுக்காரர், கட்டாரில் ஆறு வருடம் இருந்துவிட்டு வந்தவர். அவருக்கு உயிர் சுசுகி வேகன் ஆர் மேல்.

“ஒம்பது பேரும் ஒரு மூட்ட அரிசியும் என் வேகன்ல அட்டன் வரைக்கும் போயிருக்கோம். உன்னோடதுல ஏத்துவியாடா?” என்பார் மாமனார்.

“ஒம்பது பேர ஏத்துறதுக்கு நான் என்னா லொறியாப்பா வாங்கப் போறேன்? இது குடும்ப வண்டி. நாங்க மூணே பேரு.”

அந்த மூன்றாவது ஆள் அப்போது என் வயிற்றில் நான்கு மாதம். கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து வந்தது. அதனால்தான் இந்த வண்டியே. பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு கிளினிக் போகக் கூடாது, பிள்ளை பிறந்தால் சொந்த வண்டியில் வீட்டுக்கு வர வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியப்பா மகன் சுதாகரன் வருவார். அவர் நிசான் கட்சி. மூன்று பேரும் எஞ்சின், பெட்ரோல், கதவு சாத்தும் சத்தம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்து வாதாடுவார்கள். தேர்தல் காலத்தில்கூட எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அவ்வளவு சூடு இருந்ததில்லை.

“இதே வேகன் ஆர் இந்தியாவுலயும் செய்றாங்க. அது அங்கத்த மார்க்கெட்டுக்கு. எனக்கு ஜப்பான்ல ஓடுனதுதான் வேணும்,” என்று பிரதாப் ஃபோனில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இங்கயே பொறந்து இங்கயே சாகுறோம், நம்மள இன்னமும் இந்தியாக்காரன்னுதான் சொல்றானுங்க. வண்டியாச்சும் ஜப்பான்ல இருந்து வரட்டும்.”

அதில் மட்டும் அப்பனும் மகனும் ஒத்துப்போனார்கள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். நான் மட்டும் என்ன, யோக்கியமா? பின் சீட்டின் நீளத்தை ஃபோனில் தேடி எடுத்து, பிள்ளைக் காம்பராவில் இருக்கும் தொட்டிலோடு ஒப்பிட்டுப் பார்த்தவள் நான். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில்தான் எனக்கு வேலை. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் விட்டுவிட்டுப் போகும் இருபத்திரண்டு பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வேன்.

வண்டி ஒரு திங்கட்கிழமை வந்தது. வெள்ளை நிறம். கொழும்பிலிருந்து விற்றவர்களின் டிரைவரே ஓட்டிக்கொண்டு வந்து லயத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனார். சீட்டுகளில் பிளாஸ்டிக் உறை கிழிக்கப்படாமல் இருந்தது. மாமியார் நாகலெட்சுமி பஞ்சாங்கம் பார்த்து, வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு முருகன் கோயில் முன்னால் பூசை என்று முடிவு செய்தார். அதுவரை தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஓட்டோ வாங்கினாலும் இதே கணக்குத்தான். பூசணிக்காய் உடைத்து, நான்கு டயருக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு வண்டி முன்னால் நகர்ந்த பிறகுதான் அது வீட்டு வண்டி. அதற்கு முன்னால் கெட்டது எதுவும் ஏறக் கூடாது. நோயாளி ஏறினால் அந்த வண்டி ஆயுசுக்கும் ஆஸ்பத்திரிக்கே ஓடும், இரத்தம் பட்டால் திரும்பவும் இரத்தம் கேட்கும் என்பார்கள். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தது. எனக்கு அதில் ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். எனக்கு ஏழாம் மாதம் தொடங்கியிருந்ததால் லீவில் வீட்டில் இருந்தேன். துணி காயப்போடக் கையைத் தூக்கினேன், காலில் சூடாக ஏதோ வழிந்தது. குனிந்து பார்த்தால் இரத்தம்.

நான் போட்ட சத்தத்தில் மாமியார் ஓடி வந்தார். பிரதாப் தார்ப்பாயைத் தூக்கி வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர், துணியைக் கையில் வைத்துக்கொண்டே ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. சட்டைப் பையில் சாவி இருந்தது. அதை எடுத்தார். எடுத்ததை நான் பார்த்தேன்.

“பிரதாப்பு, வேணாம்யா,” என்றார் மாமியார். “பழம் மிதிக்காத வண்டி. இரத்தத்தோட ஏத்துனா புள்ளைக்கே ஆவாது. அப்பா வேகன எடு.”

அவர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மாமனாரின் வேகன் அசையவில்லை. புதிய வண்டிக்குச் சொல்லிவைத்த நாளிலிருந்து யாரும் அதை ஸ்டார்ட் பண்ணிக்கூடப் பார்க்கவில்லை, பெட்டரி செத்திருந்தது. நான்கு பேர் சேர்ந்து தள்ளினார்கள். மாமனார் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, “இன்னொரு தள்ளு, இன்னொரு தள்ளு,” என்று அழும் குரலில் கத்தினார். ஒன்பது பேரை ஏற்றிய பெருமை எல்லாம் வழியில் சேற்றில் நின்றது. தோட்டத்து ஓட்டோ இரண்டும் அட்டனுக்கு ஓட்டம் போயிருந்தன. அம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணினோம். எங்கள் பாதையில் ஏறி வர முக்கால் மணி நேரமாவது ஆகும் என்றார்கள். இப்படியே அரை மணி நேரம் போனது. அந்த அரை மணி நேரமும் வெள்ளை வண்டி பத்தடி தூரத்தில் சும்மா நின்றது.

கடைசியில் கீழே ரோட்டில் கொழுந்து லொறி வரும் சத்தம் கேட்டது. பிரதாப்பும் மாமியாரும் இரண்டு பக்கமும் என்னைத் தாங்கிக்கொண்டு இறக்கினார்கள். ரோட்டுக்குப் போகும் வழி புதிய வண்டியை ஒட்டித்தான் போகிறது. அதைக் கடக்கும்போது நான் ஒரு காரியம் செய்தேன். சேலையைக் கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அந்த வண்டியில் படாமல் ஒரு முழம் ஒதுங்கி நடந்தேன். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் ஒதுங்கினேன்.

லொறி ஓட்டுகிற சிவசாமி அண்ணன் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, நல்ல நேரமும் பார்க்கவில்லை. “ஏறு தங்கச்சி,” என்றார். முன்னால் உட்கார என்னால் முடியவில்லை. பின்னால் கொழுந்துச் சாக்குகளின் மேல் படுக்க வைத்தார்கள். பிரதாப் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “ஒன்னும் ஆவாது தனு, ஒன்னும் ஆவாது,” என்று சொல்லிக்கொண்டே வந்தார். பச்சைக் கொழுந்தின் வாடை மூக்கில் ஏற, ஒவ்வொரு குழிக்கும் உயிர் போய் வந்தது. ஃபேக்டரிக்குப் போகாமல் லொறி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனது. அதற்காகத் தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கு பிறகு சிவசாமி அண்ணனை ஆபீசுக்குக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேள்வி கேட்டாராம். நான் படுத்திருந்த சாக்கை மட்டும் அண்ணன் தனியாக எடுத்துப்போய்க் கொட்டிவிட்டார் என்றும் கேள்விப்பட்டேன்.

ஆண் பிள்ளை. அழவே இல்லை.

வார்டில் ஒரு சிங்கள டொக்டர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “டிக்கக் கலின் ஆவா நம்...” என்றார். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று. மிச்சத்தை அவர் சொல்லவில்லை. பிரதாப் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அவர் சட்டைப் பையில் சாவி குலுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமைப் பூசை நடக்கவில்லை. வீட்டில் தீட்டு என்று ஒரு மாதம் தள்ளிப் போட்டார்கள். பிள்ளை இல்லாத வீட்டில் தீட்டு மட்டும் குறையில்லாமல் முப்பது நாள் இருந்தது. பிறகு பூசணிக்காய் உடைத்தார்கள், பழம் வைத்தார்கள். நான்கு பழமும் நன்றாக நசுங்கின. ரொம்ப நல்ல சகுனம் என்றார் மாமியார். அன்றைக்கு மட்டும் அவர் கழுத்தைத் திருகலாம் போல இருந்தது எனக்கு.

இது நடந்து ஒரு வருடமாகிறது. இந்த ஒரு வருடத்தில் நான் அந்த வண்டியில் ஏறவில்லை. கிளினிக், கடை, கோயில் எதுவாக இருந்தாலும் பஸ்தான். பிரதாப் முதலில் கெஞ்சினார், பிறகு கோபப்பட்டார். இப்போது வண்டியை விற்கிறார். வேறு வண்டி வாங்கினால் நான் ஏறிவிடுவேன் என்று நினைப்பு. ஃபோனில் மறுபடியும் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் வர ஆரம்பித்துவிட்டன.

போன வியாழக்கிழமை, திம்புள்ள பக்கத்திலிருந்து கோகுலராஜ் என்ற கடைக்காரர் வண்டி பார்க்க வந்தார். கூட அவர் மனைவி ஹம்சினி. வாடகை வேனிலிருந்து அந்தப் பெண் இறங்கும்போதே பார்த்துவிட்டேன், முழு வயிறு. நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிரதாப் கதவுகளைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். “வீட்டுப் பாவனை மட்டுந்தாங்க. ஆக்சிடென்ட் கிடையாது. உள்ள பாருங்க, ஒரு கீறல் இல்ல, ஒரு சொட்டுக் கறை இல்ல.”

“ஆமாங்க,” என்றேன். “கறை படவேண்டிய அன்னைக்கு என்னைய அவரு ஏத்தல. அதான் சுத்தமா இருக்கு.”

பிரதாப் கையிலிருந்த, வண்டி துடைக்கும் துணியை மடித்தார், மறுபடியும் பிரித்து மடித்தார். கோகுலராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, “நமக்குப் புடிச்சிருக்குங்க. நாளைக்கு நாள் நல்லா இல்ல. அடுத்த வெள்ளிக்கிழம வந்து எடுக்குறோம். பழைய வண்டின்னாலும் நம்ம கைக்குப் புதுசு பாருங்க, பூச போடாம இவங்கள ஏத்த முடியாது,” என்றார்.

“எத்தன மாசம்மா?” என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

“எட்டு நடக்குதுங்க அக்கா.”

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீட்டி முழக்கவில்லை. இரத்தம் வந்ததை, சாவி பைக்குள் போனதை, கொழுந்துச் சாக்கை, நான் ஒரு முழம் ஒதுங்கி நடந்ததை. பிரதாப் முற்றத்தில் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். தடுக்கவில்லை.

ஹம்சினி தேத்தண்ணிக் கோப்பையை என் கையில் கொடுத்தாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, பின் கதவைத் தானே திறந்து, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.

“ஹம்சி, என்னா இது? எறங்கு,” என்றார் கோகுலராஜ்.

“எறங்க மாட்டேன். எடுக்குறதுன்னா இன்னைக்கே எடுங்க, இதுலயே போவோம். இல்லாட்டி இந்த வண்டி வேணாம்,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிரதாப் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அந்த மனிதரிடம் கொடுத்தார். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. என் மேலும் வரவில்லை.

அவள் செய்தது அவ்வளவுதான். ஒரு கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். அன்றைக்கு எனக்கும் அந்தக் கதவு பத்தடி தூரத்தில்தான் இருந்தது.